தேதியில்லாத பலகை

தமிழ்நாட்டில் ஒரு கல்யாண வாழ்த்துப் பேனர் வைப்பதென்றாலும் 2011-ம் ஆண்டின் டிஜிட்டல் பேனர் விதிகளின்படி அந்த நாட்களில் முன்அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அனுமதி எண்ணையும் எந்தத் தேதி வரை வைக்கலாம் என்பதையும் பேனரின் அடியிலேயே அச்சிட வேண்டியிருந்தது. அந்த விதியை ஊரில் பலர் மதிக்கவில்லை. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் தண்ணீர் லாரியில் சிக்கி இறந்தபோதுதான் உயர் நீதிமன்றத்தின் கோபம் எல்லோர் காதிலும் விழுந்தது. மதித்தாலும் மதிக்காவிட்டாலும், விதி என்று ஒன்று இருந்தது. அடுத்த ஆண்டே ஒரு கடைத்தெருவை மொத்தமாக அடைத்துப்போட்ட அரசுப் பலகையில் எண் இல்லை, தேதி இல்லை, உத்தரவிட்டவர் யார் என்பதும் இல்லை. படிக்கிற மாதிரி இருந்த ஒரே பெயர் ஒரு ஜவுளிக்கடையின் பெயர்.

அந்தப் பலகையை எதிர்த்து 2020 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நான் நடத்திய ரிட் மனுவைப் பற்றி எழுதுகிறேன். ஊரின் பெயர், தெருவின் பெயர், கடையின் பெயர், கட்சிக்காரர் பெயர் எதுவும் இதில் வராது. தென்மாவட்டத்து நகரம் ஒன்று என்ற அளவில் போதும்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி மெயின் ரோட்டைக் கடந்தால் இடது கைப் பக்கம் அந்தத் தெரு. மாட்டு வண்டிக் காலத்து அகலம். பித்தளை, எவர்சில்வர் பாத்திரக் கடைகள் நாலைந்து, ஒரு மாவு மில், தையல் கடைகள், ஒரு ஜெராக்ஸ் கடை, மாடியில் குடித்தனங்கள். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் பெண்ணுக்குச் சீர்ப் பாத்திரம் வாங்குகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக வருகிற இடம். குடத்திலும் அண்டாவிலும் பெயர் வெட்டித் தருகிற ஆள் கடைக்கு ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஆடியில் பார்த்து வைத்து, ஆவணி முகூர்த்தத்துக்கு வாங்குவார்கள். வருஷ வியாபாரத்தில் பாதி அந்த இரண்டு மாதத்தில் நடந்துவிடும்.

ஜூலை இரண்டாவது வாரம் அந்தத் தெருவில் ஒரு வீட்டுப் பெரியவருக்குத் தொற்று உறுதியானது. மாவட்ட ஆட்சியர் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உத்தரவு போட்டு, தெருவை நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்தார். இரண்டு முனையிலும் தகரம் அடித்தார்கள். இதில் யாருக்கும் குறை இல்லை. அந்த நாட்களில் மதுரையிலேயே ஜூன் 24-ம் தேதி தொடங்கிய முழு ஊரடங்கு ஜூலை நடுப்பகுதி வரைக்கும் நீண்டிருந்தது. பயம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. உத்தரவில் ஒரு நல்ல வரியும் இருந்தது: 14 நாள் புதிய தொற்று இல்லையென்றால் கட்டுப்பாடு விலக்கிக்கொள்ளப்படும்.

வேறு யாருக்கும் தொற்று வரவில்லை. பெரியவர் குணமாகி ஜூலை முடிவதற்குள் வீடு திரும்பினார். கோயில் பக்கத்துத் தகரத்தைப் பிரித்துக்கொண்டு போனார்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துத் தகரத்தில் ஒரு ஆள் நுழைகிற அளவு மட்டும் விலக்கிவிட்டு, பலகையை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆகஸ்ட் பாதி போய்விட்டது. பலகை அசையவில்லை.

பாத்திரக்கடை அண்ணாச்சி எனக்கு முதலில் அனுப்பியது அந்தப் பலகையின் படத்தைத்தான். இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய ஃபிளெக்ஸ். மேல்பாதி சிவப்பு. வெள்ளைக் கொட்டை எழுத்தில், "எச்சரிக்கை! கொரோனா தொற்றுப் பகுதி. உள்ளே நுழையாதீர்." அதற்குக் கீழே உள்ளாட்சியின் முத்திரை. கீழ்ப்பாதி மஞ்சள். பட்டுப்புடவை கட்டிய மணப்பெண், ஜவுளிக்கடையின் பெயர், வாட்ஸ்ஆப் எண். அதற்கும் கீழே ஒரு அம்புக்குறியும் ஒரு வரியும்: "பாதுகாப்பாகப் பொருள் வாங்க, 100 அடி தூரத்தில்." அந்தக் கடை ஜவுளியோடு நிற்பதில்லை. இரண்டாவது மாடி முழுக்க பாத்திரம், சீர்வரிசைப் பொருள்.

படத்தைப் பெரிதாக்கி அந்த வரியைப் படித்தபோதுதான் இது வழக்கு என்று முடிவு செய்தேன். மேலே அரசு ஆபத்து என்கிறது. கீழே வியாபாரி பாதுகாப்பு என்கிறார். பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிற கிராமத்துப் பெண்ணின் கண்ணுக்கு இரண்டும் ஒரே குரலாகத்தான் தெரியும். அரசாங்கமே இந்தத் தெருவுக்குப் போகாதே, அந்தக் கடைக்குப் போ என்று கைகாட்டுகிறது என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். அவர் அப்படி எடுத்துக்கொண்டால் தப்பும் அவர்மேல் இல்லை.

போலீஸ் தடுப்புகளில் நகைக்கடைப் பெயரும் ஜவுளிக்கடைப் பெயரும் எழுதியிருப்பதை நாம் எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறோம். இலவசமாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அதில் பெரிய கெடுதல் இல்லை என்று நானும் கடந்து போயிருக்கிறேன். நோய்க்காலத்தில் அது வேறு ஆகிவிடுகிறது. எந்தத் தெருவில் கால் வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது என்று சொல்லும் அதிகாரத்தோடு ஒரு கடையின் பெயர் ஒட்டிக்கொள்கிறது.

அந்தப் பெரிய கடையின் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். ஜூன் 1-ம் தேதி முதல்தான் பெரிய ஜவுளி, நகைக்கடைகளைத் திறக்க அரசு அனுமதித்தது. அதிலும் பாதிப் பணியாளர்கள், ஒரு நேரத்தில் ஐந்து வாடிக்கையாளர்கள், ஏ.சி. போடக் கூடாது என்று நிபந்தனைகள். ஜூலை, ஆகஸ்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் தளர்வே இல்லாத முழு ஊரடங்கு. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ். நாலு மாடிக் கடையை அப்படி நடத்துவது எளிதில்லை. ஃபிளெக்ஸ் அச்சகங்களோ கல்யாணம், திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவும் இல்லாமல் காய்ந்து கிடந்தன. உள்ளாட்சியிடம் பலகைக்குப் பணம் இல்லை. கடையிடம் பணம் இருந்தது, அச்சகத்திடம் ஆள் இருந்தது. மூவருக்கும் வசதியாக அமைந்த ஏற்பாட்டில் அந்தத் தெரு மட்டும் யார் கணக்கிலும் வரவில்லை.

"நாலு பையங்க இருக்கானுவ வக்கீலம்மா. ராத்திரியோட ராத்திரியா பிடுங்கிப் போட்ருதோம்னு நிக்கானுவ" என்றார் அண்ணாச்சி.

"கையை வைக்கக் கூடாது அண்ணாச்சி. ஒரு ஆணிகூட" என்றேன்.

காரணம் இருந்தது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 51-வது பிரிவு, அதிகாரிகளின் பணிக்கு இடையூறு செய்தால் ஓராண்டு வரை சிறை என்கிறது. அப்போது அமலில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-வது பிரிவு வேறு. சட்டத்தைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகக் கைதான தந்தையும் மகனும் காவலில் வதைபட்டு இறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த வழக்கைத் தானாக முன்வந்து எடுத்ததும் எங்கள் மதுரைக் கிளைதான். தென்மாவட்டத்துக் கடைக்காரர் யாரிடம் பேசினாலும் அந்தப் பயம் குரலில் தெரியும். தகரத்தைத் தொட்ட ஒரு பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள் என்ற செய்தியை நான் கேட்கத் தயாராக இல்லை.

"அப்ப முன்சீப் கோர்ட்ல போட்ருவமா? பக்கத்துலயே இருக்கு."

அதுவும் முடியாது. அதே சட்டத்தின் 71-வது பிரிவு, இந்தச் சட்டப்படி அதிகாரிகள் எடுத்த நடவடிக்கையை உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தவிர வேறு எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்கிறது. பெருந்துயர் நேரத்தில் ஊருக்கு ஊர் தடையுத்தரவு வாங்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த பிரிவு. நியாயம்தான். ஆனால் தெருமுனையில் நிற்கும் ஒரு ஃபிளெக்ஸைக் கழற்ற வேண்டுமென்றாலும் அரசியல் சட்டத்தின் 226-வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம்தான் வர வேண்டும் என்பது ஒரு சின்னக் கடைக்காரருக்கு எவ்வளவு பெரிய படி என்பதை அந்தப் பிரிவை எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

மனுதாரர்களாக ஐந்து பேர் வந்தார்கள். அண்ணாச்சி, இன்னும் இரண்டு பாத்திரக் கடைக்காரர்கள், மாவு மில் நடத்தும் அக்கா ஒருவர், ஒரு தையல்காரர். வீடியோ அழைப்பில் எல்லோரும் ஒரே போனுக்கு முன்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தள்ளி உட்காரச் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாரும் சொன்ன முதல் குறை பலகையைப் பற்றி இல்லை.

"எல்லாம் அந்த வீட்டுக்காரங்களாலதாம்மா. பெரியவரு மெட்ராஸ்ல மக வீட்டுக்குப் போயிட்டு வந்து சொல்லாம இருந்துட்டாரு. அதையும் மனுவுல எழுதுங்க. அந்தக் குடும்பம் கொஞ்ச நாளைக்கு வேற எங்கயாவது இருக்கட்டும்" என்றார் மில் அக்கா. மற்றவர்கள் தலையாட்டினார்கள். விசாரித்துப் பார்த்ததில், அந்த வீட்டுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர் வருவதில்லை. அந்த வீட்டு அரிசியை மில்லில் அரைத்துக் கொடுப்பதுமில்லை. பெரியவர் குணமாகி வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. தெருமுனைப் பலகை தினமும் அந்த வீட்டைத்தான் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தது.

"மனுவில் அந்த வீட்டைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. பேர், கதவு எண், எங்கே போய்விட்டு வந்தார், எதுவும். சம்மதம் என்றால் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். இல்லையென்றால் வேறு வக்கீலைப் பாருங்கள்" என்றேன். மறுநாள் சாயங்காலம் வரை பதிலே இல்லை. அப்புறம் ஐந்து பேரின் கையெழுத்தும் ஸ்கேன் ஆகி வந்தது. அண்ணாச்சி இரவெல்லாம் பேசியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

ஆதாரம் திரட்டுவதில்தான் அந்த வழக்கின் உழைப்பு முழுக்க இருந்தது. முதலாவது, பலகை இன்னும் நிற்கிறது என்பதற்குப் படம். அன்றைய நாளிதழின் முதல் பக்கத்தைப் பலகைக்குப் பக்கத்தில் பிடித்து, தேதி தெரியும்படி எடுக்கச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து வருகிறவரின் கண் உயரத்திலிருந்து ஒன்று, ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று. மின்னணு ஆதாரத்துக்கு சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் ஜூலை 14-ம் தேதிதான் மறுபடியும் உறுதி செய்திருந்தது. ரிட் மனுவுக்கு அவ்வளவு கறார் தேவையில்லை என்றாலும், படம் எடுத்த தையல்காரரின் மகனிடம் சான்றிதழ் வாங்கி இணைத்தேன். எதிர்த்தரப்புக்கு ஒரு ஓட்டையும் விடக் கூடாது.

இரண்டாவது, நஷ்டத்துக்குக் கணக்கு. வாயால் சொன்னால் நிற்காது. ஜி.எஸ்.டி.க்குத் தாக்கல் செய்த 3பி படிவங்களை 2019-க்கும் 2020-க்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஊரடங்கினால் எல்லாக் கடைக்கும் விழுந்த அடி எது, பலகையால் இந்தத் தெருவுக்கு மட்டும் விழுந்த அடி எது என்று பிரித்துக் காட்ட, ஜூன் மாதக் கணக்கையும் ஆகஸ்டில் அதுவரைக்குமான கடைக் கணக்கையும் சேர்த்தோம். ஜூனில் கொஞ்சம் எழுந்து நின்ற விற்பனை ஆகஸ்டில் அதில் கால்வாசிக்கும் கீழே கிடந்தது. ஊரில் மற்ற தெருக்களில் கடைகள் திறந்து மூச்சு விடத் தொடங்கிய மாதம் அது.

மூன்றாவதுதான் சிக்கலாக இருந்தது. கடைசித் தொற்று எப்போது முடிந்தது என்று நிரூபித்தால்தான் 14 நாள் ஓடிவிட்டது என்று சொல்ல முடியும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாள். அதற்குள் ஆவணி போய்விடும். அந்த வீட்டிடம் கேட்க எங்களுக்கு முகமில்லை. அப்போது ஒரு நாள் ராத்திரி தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. பெரியவரின் மகன்.

"மேடம், எங்க பேரு வராதுன்னு அண்ணாச்சி வந்து சொல்லிட்டுப் போனாரு. வாசல்ல நின்னுதான் சொன்னாரு, இருந்தாலும் வந்தாரு. அப்பாவோட டிஸ்சார்ஜ் சீட்டு உங்களுக்கு வேணுமா?"

பெயரையும் முகவரியையும் கறுப்பு மையால் மறைத்த நகலை இணைத்தோம். நீதிபதி கேட்டால் மட்டும் அசலைக் காட்டுவதாக மனுவில் எழுதினோம்.

ஃபிளெக்ஸின் ஓரத்தில் அச்சகத்தின் செல்போன் எண் இருந்தது. கூப்பிட்டுப் பேசினேன். அவர் ஒளிக்காமல் சொன்னார்: ஆர்டர் ஜவுளிக்கடையிலிருந்து வந்தது, ஊர் முழுக்க வைக்கிற மாதிரி மொத்தமாக அடித்தோம், வாசகத்தை மேனேஜர் கொடுத்தார், சுகாதாரப் பிரிவிலிருந்து ஒருவர் வாட்ஸ்ஆப்பில் பார்த்து சரி என்றார். எழுத்தில் கொடுப்பீர்களா என்றேன். "தொழில் பண்ணணுமே மேடம்" என்றார். அவரை நான் வற்புறுத்தவில்லை.

கடையை எதிர்மனுதாரராகச் சேர்க்கவும் இல்லை. கட்சிக்காரர்களுக்கு அதில் வருத்தம். எனக்கு அதில் தெளிவான கருத்து இருந்தது. வியாபாரி விளம்பரம் தேடுவது அவர் தொழில். தன் முத்திரைக்குக் கீழே அந்த விளம்பரத்தை அனுமதித்த அலுவலகம்தான் பதில் சொல்ல வேண்டும். கடையைச் சேர்த்தால் வழக்கு இரண்டு கடைகளின் சண்டையாகச் சுருங்கிவிடும்.

விசாரணை வீடியோவில். மேல்கோட்டும் கவுனும் வேண்டாம் என்று தளர்த்தியிருந்தார்கள். கழுத்துப் பட்டை போதும். என் வாதம் சிக்கலானது இல்லை. தெருவை அடைக்க ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 34-வது பிரிவு தருகிறது, அதை நாங்கள் எதிர்க்கவில்லை. அந்த அதிகாரத்தின் ஆயுள் அவர் உத்தரவிலேயே 14 நாள். அது முடிந்த பிறகு பலகை எந்தச் சட்டத்தின் பலத்தில் நிற்கிறது? 2020 ஜனவரி 10-ம் தேதி அனுராதா பாசின் வழக்கில், காஷ்மீரின் இணையத் தடையைப் பற்றிப் பேசும்போது உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துவைத்தேன். உரிமையைக் கட்டுப்படுத்தும் உத்தரவு மக்கள் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும், காலவரையறை இல்லாமல் நீளக் கூடாது, அவ்வப்போது மறுபரிசீலனை செய்ய வேண்டும். இணையத்துக்குச் சொன்னது தெருவுக்கும் பொருந்தும். எங்கள் தெருவில் அந்த உத்தரவை யாரும் ஒட்டவில்லை. வார்டு வாட்ஸ்ஆப் குழுவில் சுற்றிய பி.டி.எஃப். ஒன்றுதான் எங்களுக்குக் கிடைத்த நகல். கடைக்காரர்களுக்குத் தங்கள் தடை எப்போது முடிகிறது என்றே தெரியாமல் இருந்தது.

உள்ளாட்சியின் வழக்கறிஞர் திறமையானவர். அவர் சொன்னதும் லேசானது இல்லை. "மாநிலத்தில் தினமும் 6 ஆயிரத்தை ஒட்டித் தொற்று பதிவாகிறது. பணியாளர்கள் தூங்கவில்லை. ஒரு பலகை பத்து நாள் கூடுதலாக நின்றால் யாருக்கு என்ன? எடுத்துவிட்டு ஒரு உயிர் போனால் யார் பொறுப்பு?" அந்தக் கேள்வியில் உண்மை இருந்தது. சுகாதாரப் பணியாளர்கள் அப்போது பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தவள்.

பொய்ப் பலகை மெய்ப் பலகையைக் கெடுத்துவிடும் என்பதுதான் என் பதில். தொற்று முடிந்த தெருவில் எச்சரிக்கை நிற்கிறது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால், தொற்று இருக்கிற தெருவின் எச்சரிக்கையையும் மக்கள் அப்படியே தாண்டிப் போவார்கள். எங்கள் தெருப் பையன்களே தகரத்தை ஒருக்களித்துத் தாண்டத் தொடங்கிவிட்டார்கள் என்று மனுவிலேயே சொல்லியிருந்தோம். மக்கள் உயிரைக் காக்கவே தேதி தேவை. அவசரத்தில் வரம்பு மீறுவதும் புதிதில்லை. பெங்களூரில் அந்த ஜூலையில்தான் ஒரு குடியிருப்பில் இரண்டு வீடுகளின் வாசலில் தகரம் அடித்துவிட்டு, மாநகராட்சி ஆணையரே மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது.

இரண்டாவது வாய்தாவுக்கு முதல் நாள் ராத்திரி எதிர் பிரமாணப் பத்திரம் மின்னஞ்சலில் வந்தது. நாலாவது பக்கத்தில் பெரியவரின் பெயர், வயது, கதவு எண், எங்கே பயணம் போனார், பரிசோதனை முடிவு எல்லாம். நகல் எனக்கும் அரசு வழக்கறிஞருக்கும் போயிருந்தது. கூடவே ஜவுளிக்கடையின் வழக்கறிஞருக்கும். ஏனென்றால் கடை தானாகவே வந்து தன்னையும் வழக்கில் சேர்க்கச் சொல்லி மனு போட்டிருந்தது.

காலையில் வழக்கு அழைக்கப்பட்டதும் மெயின் வாதத்துக்கே போகாமல் அந்தப் பத்தியைத்தான் எடுத்தேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன புட்டசாமி வழக்கு இருக்கிறது. வழக்கில் இல்லாத, யாருக்கும் எதிராக நிற்காத ஒரு குடும்பத்தின் நோய் விவரம் நீதிமன்றப் பதிவேட்டில் நிரந்தரமாக ஏறக் கூடாது. என் குரல் உயர்ந்துவிட்டது என்று பிறகு ஜூனியர் சொன்னாள். உள்ளாட்சி வழக்கறிஞர் ஒரு நொடிகூட எதிர்க்கவில்லை. "திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் மைலார்ட், அந்த விவரம் இல்லாமல் மறுபடி தாக்கல் செய்கிறேன்" என்றார். நீதிபதி அதைப் பதிவு செய்து, நகல் வாங்கிய எல்லோரும் அழித்துவிட வேண்டும் என்றார். அந்த வழக்கறிஞருக்கு இன்றும் என் மரியாதை உண்டு.

அப்புறம் கடையின் மனு. சமூகப் பொறுப்புணர்வோடு ஊர் முழுவதற்கும் எச்சரிக்கைப் பலகையும் தடுப்பும் எங்கள் செலவில் செய்து கொடுத்தோம், அதைக் கொச்சைப்படுத்துகிறார்கள் என்று பிரமாணம் செய்திருந்தார்கள். வாசகத்தைத் தாங்களே கொடுத்ததையும் எழுதியிருந்தார்கள். அச்சகக்காரர் எழுத்தில் தரத் தயங்கியது கடையின் கையெழுத்தோடு எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது. கோவிட் செலவை நிறுவனச் சமூகப் பொறுப்புக் கணக்கில் காட்டலாம் என்று மத்திய அரசு மார்ச் 23-ல் விட்ட சுற்றறிக்கையைக் காட்டினார்கள். சுற்றறிக்கை உண்மைதான். ஆனால் அதே அமைச்சகம் 2014-ல், விளம்பரமும் ஸ்பான்சர்ஷிப்பும் அந்தக் கணக்கில் சேராது என்று தெளிவுபடுத்தியிருக்கிறது. விற்பனைக்கு ஆதாயம் தேடும் ஸ்பான்சர்ஷிப் சேராது என்பதை 2021 ஜனவரியில் விதியாகவே எழுதிவிட்டார்கள். நல்லெண்ணம் என்றால் மேல்பாதி போதுமே, கீழ்ப்பாதி எதற்கு என்று கேட்டேன்.

நீதிபதி படத்தைத் திரையில் பகிரச் சொன்னார். "பாதுகாப்பாகப் பொருள் வாங்க" என்ற வரியைத் தானே ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். "இதில் தேதி எங்கே இருக்கிறது?" என்று உள்ளாட்சி வழக்கறிஞரைக் கேட்டார். அனுமதி எண் அச்சிட வேண்டும் என்ற 2011 விதியை அப்போது எடுத்துக் கொடுத்தேன். தனியார் வைக்கும் வாழ்த்துப் பேனருக்கு இருக்கிற ஒழுங்கு, தெருவையே மூடுகிற அரசுப் பலகைக்கு இருக்க வேண்டாமா?

செப்டம்பர் முதல் வாரம் உத்தரவு வந்தது. ஒன்றரைப் பக்கம். பலகையும் மிச்சத் தகரமும் 48 மணி நேரத்தில் அகற்றப்படும் என்ற உள்ளாட்சியின் உறுதிமொழி பதிவானது. இனி வைக்கும் பலகைகளில் உத்தரவு எண், தேதி, முடியும் நாள், பொறுப்பு அதிகாரியின் பதவி இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அரசு எச்சரிக்கையில் தனியார் பெயர் இருக்கலாமா என்ற கேள்வியைத் திறந்தே வைத்தது. நட்ட ஈட்டுக்கு அதிகாரிகளிடம் தனி மனு கொடுத்துக்கொள்ளலாம் என்று முடித்தது.

பலகை மறுநாளே போய்விட்டது. ஆவணியில் மிச்சம் இருந்த முகூர்த்தங்களுக்குக் கொஞ்சம் வியாபாரம் நடந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டாம் என்று அரசு செப்டம்பர் 1 முதல் சொல்லியிருந்ததும் உதவியது.

டிசம்பர் 9-ம் தேதி உச்ச நீதிமன்றம், கோவிட் நோயாளிகளின் வீட்டு வாசலில் சுவரொட்டி ஒட்டக் கூடாது, பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உரிய அதிகாரி உத்தரவிட்டால் மட்டுமே ஒட்டலாம் என்று தீர்ப்புச் சொன்னது. விசாரணையின்போது, சுவரொட்டி ஒட்டிய வீட்டாரைத் தீண்டத்தகாதவர்களைப்போல நடத்துகிறார்கள் என்று நீதிபதிகள் வருந்தினார்கள். அப்படி ஒட்டச் சொல்லி நாங்கள் வழிகாட்டுதல் எதுவும் கொடுக்கவில்லை என்று மத்திய அரசே அங்கே ஒப்புக்கொண்டது. ஆணையிட்டவரே இல்லாமல் நாடு முழுக்க வாசல்களில் எத்தனை தாள்கள் ஒட்டப்பட்டன! அந்தச் செய்தியைப் பெரியவரின் மகனுக்கு அனுப்பினேன்.

நட்ட ஈட்டு மனு நிராகரிக்கப்பட்டது. நல்லெண்ணத்தில் செய்த செயலுக்கு அதிகாரிகள் மேல் வழக்கில்லை என்கிற, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 73-வது பிரிவைக் காரணம் காட்டினார்கள். மேல்முறையீடு செய்யலாம் என்றேன். உத்தரவின்படி எடுத்த தொற்றுக்கால நடவடிக்கையை அந்தப் பிரிவு காக்கும். உத்தரவு காலாவதியான பிறகு மறந்துவிட்டுப் போனதையும், அதில் விளம்பரம் சேர்த்ததையும் காக்காது என்பது என் உறுதியான கருத்து. அந்த வாதத்தை ஒரு நீதிமன்றம் கேட்டிருக்க வேண்டும். கடைக்காரர்களிடம் அதற்குப் பணமும் இல்லை, தெம்பும் இல்லை. பீஸ் வேண்டாம் என்று சொன்னதற்கும், "கடையைப் பாக்கணும்மா" என்றுதான் பதில் வந்தது.

2021 ஏப்ரலில் இரண்டாவது அலை. அதே தெருவில் மூன்று வீடுகளில் தொற்று, மறுபடி தகரம். அண்ணாச்சி தெருமுனையில் நின்றுகொண்டு போன் செய்தார். பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினார். உத்தரவு எண், ஆரம்பித்த நாள், முடியும் நாள், கீழே சுகாதார அலுவலர் என்று பதவி. தேதிகளை மட்டும் மார்க்கரில் எழுதியிருந்தார்களாம். கடைப் பெயர் எதுவும் இல்லை.

"கும்பகோணத்துல இருந்து வர வேண்டிய குத்துவிளக்கு லோடை அந்தத் தேதிக்கு மறுநா ஏத்தச் சொல்லிட்டேம்மா" என்றார். அந்த மூன்று வீட்டுக்கும் மாவு அரைத்து வாசலில் வைத்துவிட்டு வருவது மில் அக்காதான் என்றும் சொன்னார்.